டிபி கோல்ட் நெகட்டிவ், கழுத்துக் கட்டியில் டிபி: ஒரு நிகழ்வு ஆய்வு

நோயாளி 52 வயதுப் பெண்மணி. வியாசர்பாடியில் வீட்டு வாசலிலேயே இட்லிக் கடை போட்டிருப்பவர். ஆறேழு வருடமாகச் சுகர் உண்டு, மாத்திரை சாப்பிடுகிறார், ஒழுங்காக இல்லை. (அடையாளம் தெரியாமலிருக்கச் சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.)

மே மாதக் கடைசியில் மகனோடு வந்தார். இரண்டு மாதமாகச் சாயங்காலம் ஆனால் ஜுரம், ராத்திரியில் வியர்வை, சாப்பாட்டில் பிடிப்பில்லை. எடை 54 கிலோவிலிருந்து 46க்கு இறங்கியிருந்தது. வலது பக்கக் கழுத்தில் இரண்டு சென்டிமீட்டர் அளவில் ஒரு நெறிக்கட்டி, வலி இல்லை. இருமல் என்று சொல்ல ஒன்றும் இல்லை. மூச்சை நன்றாக இழுத்தால் வலப்பக்க விலாவில் குத்துகிறது என்றார். ஸ்டெதாஸ்கோப் வைத்துக் கேட்டால் அந்தப் பக்கம் அடியில் மூச்சுச் சத்தம் குறைவு.

சென்னையில் இந்தக் கதையைக் கேட்கிற எந்த மருத்துவருக்கும் முதலில் தோன்றுவது டிபிதான். மகன் முந்திக்கொண்டார்: "டாக்டர், டிபி இல்லைன்னு பிளட் டெஸ்ட்லயே தெரிஞ்சிடுச்சு. வேற என்னன்னு பாருங்க."

கையில் இருந்த கோப்பு

ஐந்து வாரத்துக்கு முன்பு எடுத்த 'டிபி கோல்ட்' என்ற ரத்தப் பரிசோதனையின் ரிப்போர்ட்டில் ஒரே ஒரு சொல்: நெகட்டிவ். எண் எதுவும் இல்லை. சளிப் பரிசோதனையும் நெகட்டிவ். ஆனால் இருமலே இல்லாதவர் கொடுத்த சளி பெரும்பாலும் எச்சில்தான். இதை நம்பி, டிபி இல்லை என்று முடிவு செய்து, இரண்டு முறை ஆன்டிபயாடிக் மாற்றியிருந்தார்கள். இரண்டாவது மருந்து லெவோஃப்ளாக்சசின். அது டிபி கிருமியின் மீதும் ஓரளவு வேலை செய்கிற மருந்து. அதனால் பத்து நாள் ஜுரம் தணிந்தது, எல்லோரும் நிம்மதியானார்கள், அப்புறம் திரும்பி வந்தது. டிபி சந்தேகம் இருக்கிற இடத்தில் இந்த வகை மருந்தைப் பொதுவான காய்ச்சலுக்குக் கொடுப்பதை நான் எப்போதும் எதிர்க்கிறேன். நோயைக் குணப்படுத்தாது, மறைத்து வைக்கும்.

அதே கோப்பில், அதே நாளில் எடுத்த சாதாரண ரத்தப் பரிசோதனையும் இருந்தது. ஹீமோகுளோபின் 9.4. வெள்ளணுக்கள் 9,800, அதில் லிம்போசைட் வெறும் 9 சதவீதம். அதாவது ஒரு மைக்ரோலிட்டரில் 900கூட இல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைச் சொல்லும் ஹெச்பிஏ1சி 10.8. ரத்தத்தில் உள்ள புரதமான ஆல்புமின் 2.6, குறைவு. டிபி கோல்ட் ஏன் நெகட்டிவ் ஆனது என்பதற்கான பாதி விடை இந்தத் தாளிலேயே இருந்தது.

லேபுக்குப் போன் செய்து முழு எண்களைக் கேட்டேன். கொடுத்தார்கள். நில் குழாய் 0.06, டிபி1 0.21, டிபி2 0.34, மைட்டோஜென் 1.12. இந்த நான்கு எண்களைப் புரிந்துகொள்ள, டெஸ்ட் எப்படி வேலை செய்கிறது என்று கொஞ்சம் பார்த்துவிட வேண்டும்.

நான்கு குழாய்கள்

டிபி கோல்ட் ரத்தத்தில் கிருமியைத் தேடுவதில்லை. லிம்போசைட் வகையைச் சேர்ந்த, நோயை எதிர்க்கும் டி செல்கள் இந்தக் கிருமியை ஏற்கெனவே சந்தித்திருக்கின்றனவா என்று மட்டும் கேட்கிறது. ஒரு மில்லி வீதம் நான்கு குழாயில் ரத்தம் எடுப்பார்கள். சாம்பல் மூடி போட்டது நில். அதில் ஒன்றும் இருக்காது, அடிப்படை அளவுக்கு. பச்சை மூடி டிபி1, மஞ்சள் மூடி டிபி2. இவற்றின் உள்சுவரில் டிபி கிருமியின் ஈசாட்-6, சிஎஃப்பி-10 என்ற இரண்டு புரதங்களின் துண்டுகள் காயவைத்துப் பூசப்பட்டிருக்கும். ஊதா மூடி மைட்டோஜென். எந்த டி செல்லையும் முரட்டுத்தனமாகத் தூண்டிவிடும் பொருள் அதில் உண்டு. 37 டிகிரியில் 16 முதல் 24 மணி நேரம் வைத்தால், கிருமியை அறிந்த டி செல்கள் இன்டர்ஃபெரான் காமா என்ற பொருளைச் சுரக்கும். அதை அளக்கிறார்கள்.

அந்த இரண்டு புரதங்களும் பிசிஜி தடுப்பூசியில் இல்லை. பிறந்தவுடன் எல்லோருக்கும் பிசிஜி போடுகிற நம் நாட்டில் இது பெரிய வசதி. கையில் போடும் பழைய மான்டூ ஊசி பிசிஜியாலும் தடித்துவிடும், இது அப்படி ஏமாறாது. பாசிட்டிவ் பக்கத்துப் பிழையைக் குறைத்த இந்த வடிவமைப்பு நெகட்டிவ் பக்கத்துக்கு அவ்வளவு பாதுகாப்புத் தரவில்லை.

டிபி1 அல்லது டிபி2 அளவிலிருந்து நில் அளவைக் கழித்து, 0.35 அல்லது அதற்கு மேல் வந்தால் பாசிட்டிவ் (நில் அளவில் கால் பங்காவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் உண்டு). இவருக்கு 0.15ம் 0.28ம். மைட்டோஜென் கழித்தல் நில் 0.5க்குக் கீழே போயிருந்தால் 'முடிவு சொல்ல முடியாது' என்று ரிப்போர்ட் வந்திருக்கும். இவருக்கு 1.06. ஆக விதிப்படி செல்லுபடியாகும் நெகட்டிவ். லேப் தப்பாக எதுவும் எழுதவில்லை.

ஆனால் நோய் எதிர்ப்பு நன்றாக இருக்கிற ஒருவருக்கு இதே மைட்டோஜென் எண் பெரும்பாலும் கருவியின் உச்ச அளவான 10ஐத் தொட்டு நிற்கும். இவருக்கு 1.12. எப்படித் தூண்டினாலும் முனகுகிற டி செல்கள் இவை. அந்த நிலையிலும் டிபி2 குழாய் 0.28 காட்டுகிறது என்றால் எனக்கு அது நெகட்டிவாகப் படவில்லை. 0.35 என்பது இரண்டு கூட்டத்தைப் பிரிக்க நடுவில் போட்ட கோடு. கோட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் 0.2லிருந்து 0.7 வரை உள்ள எண்கள், அதே ஆளுக்கு அடுத்த வாரம் எடுத்தால் கோட்டைத் தாண்டிக் குதிக்கக்கூடியவை. எண்ணை மறைத்து நெகட்டிவ் என்று மட்டும் அச்சடிப்பது இந்தத் தகவலையெல்லாம் தூக்கிப் போடுகிற வேலை.

நோய் இருக்கும் இடத்தில் தேடியது

எக்ஸ்ரேயில் வலது பக்கம் நெஞ்சில் நீர், அளவு குறைவுதான். நுரையீரலில் புண் எதுவும் தெரியவில்லை. அல்ட்ராசவுண்ட் பார்த்து நீரை எடுத்தோம்: மஞ்சள் நிறம், புரதம் 5.2, செல்களில் 90 சதவீதம் லிம்போசைட், ஏடிஏ என்ற நொதி 71. டிபியில் ஏடிஏ 40க்கு மேல் போவது வழக்கம். அதே நீரில் சிபிநாட் செய்தோம், கிருமியின் மரபணுவைத் தேடும் பரிசோதனை. அதுவும் நெகட்டிவ்.

மகனுக்கு இது இரண்டாவது வெற்றி மாதிரி இருந்தது. எனக்கு இதில் வியப்பில்லை. நெஞ்சு நீரில் கிருமிகள் மிகக் கொஞ்சம். நீர் சேர்வதே கிருமியின் கூட்டத்தால் அல்ல, அதற்கு எதிராக உடம்பு கிளப்பும் அழற்சியால். அதனால் நெஞ்சு நீரில் சிபிநாட் நெகட்டிவ் வருவது டிபி நோயாளிகளிலும் சர்வசாதாரணம்.

அடுத்து கழுத்துக் கட்டி. ஊசி வைத்து உறிஞ்சியதில் கெட்டியான சீழ் வந்தது. ஒரு பகுதி மைக்ராஸ்கோப்புக்கு, ஒரு பகுதி சிபிநாட்டுக்கு, மீதி, கிருமியை லேபில் வளர்த்துப் பார்க்கும் வளர்ப்புப் பரிசோதனைக்கு. இந்தப் பங்கீட்டை ஊசி போடும் முன்பே திட்டமிட வேண்டும். முழுவதையும் கிருமியைக் கொன்றுவிடும் ஃபார்மலினில் போட்டுவிட்டால் வளர்ப்புப் பரிசோதனைக்கு ஒன்றும் மிஞ்சாது. மறுநாள் சிபிநாட் முடிவு: டிபி கிருமி உண்டு, முக்கிய டிபி மருந்தான ரிஃபாம்பிசினுக்கு எதிர்ப்பு இல்லை. சில வாரம் கழித்து வளர்ப்பிலும் கிருமி வந்தது, இன்னொரு முக்கிய மருந்தான ஐசோனியசிட்டுக்கும் கட்டுப்படுகிற ரகம். ஹெச்ஐவி நெகட்டிவ்.

ரத்தம் ஏன் பொய் சொன்னது

ஒரே காரணம் என்று சொல்லத் தோன்றவில்லை. இவர் விஷயத்தில் குறைந்தது நான்கு சேர்ந்திருக்கின்றன.

முதலாவது, நோயின் இடம். நெஞ்சு உறையிலும் நெறிக்கட்டியிலும் சண்டை நடக்கும்போது, கிருமியை அறிந்த டி செல்கள் ரத்தத்தை விட்டு அங்கே குவிந்துவிடுகின்றன. டிபி நெஞ்சு நீரில் இன்டர்ஃபெரான் காமா ரத்தத்தில் உள்ளதைவிடப் பல மடங்கு அதிகமாக இருப்பது இதனால்தான். கையிலிருந்து எடுத்த நான்கு மில்லியில் அவற்றைத் தேடுவது, தெருவே கல்யாண மண்டபத்துக்குப் போயிருக்கும் நேரத்தில் வீடு வீடாகக் கதவைத் தட்டிவிட்டு, இந்தத் தெருவில் ஆளே இல்லை என்று எழுதிக்கொண்டு போவது போல. நெஞ்சு நீர் டிபியின் ஆரம்ப வாரங்களில் மான்டூகூட நெகட்டிவ் காட்டிவிட்டு, பிறகு பாசிட்டிவ் ஆவது பழைய பாடநூல்களிலேயே உண்டு.

இரண்டாவதை அவர் கைகளில்தான் பார்த்தேன். முன்கைத் தோல் காகிதம் போல மெலிந்து, ஆங்காங்கே நீலம் பாரித்திருந்தது. எட்டுக் கிலோ இறங்கிய உடம்புக்கு முகம் மட்டும் உருண்டையாக இருந்தது. ஸ்டீராய்டு ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்றால் யாரும் ஆமாம் என்று சொல்ல மாட்டார்கள், ஏனென்றால் அந்தப் பெயரில் யாரும் வாங்குவதில்லை. அதனால், "மூட்டுவலிக்கு மெடிக்கல்ல செட்டு மாத்திரை வாங்குவீங்களாம்மா?" என்று கேட்டேன்.

"காலையில நாலு மணியிலேர்ந்து அடுப்புகிட்ட நிக்கிறேன் டாக்டர். அது போட்டாதான் முட்டி மடங்குது."

ஒரு வருடத்துக்கு மேலாகக் காலையில் ஒரு செட், ராத்திரி ஒரு செட். அடுத்த முறை அந்தக் காகிதக் கவரைக் கொண்டுவரச் சொன்னேன். ஒரு வலி மாத்திரை, ஒரு வாயு மாத்திரை, கூடவே சின்னதாக இரண்டு டெக்ஸாமெதசோன், அரை மில்லிகிராம் வீதம். நாளொன்றுக்கு மொத்தம் 2 மில்லிகிராம். பிரெட்னிசோலோன் கணக்கில் ஏறத்தாழ 13. டி செல்களைக் குறைக்கவும், மிச்சமுள்ளதை மந்தமாக்கவும் இது தாராளமாகப் போதும். லிம்போசைட் 9 சதவீதத்துக்கு இறங்கியதற்கும், மைட்டோஜென் 1.12க்கு இறங்கியதற்கும் இதுதான் பெரிய காரணம் என்பது என் கணிப்பு. டிபி கோல்ட் முறையில் ரத்தத்தின் அளவைத்தான் சமமாக்குகிறார்கள், செல்களின் எண்ணிக்கையை அல்ல. லிம்போசைட் பாதியாக இருந்தால் சாட்சி சொல்ல வருகிறவர்களும் பாதி. டி-ஸ்பாட் என்ற இன்னொரு முறையில் செல்களைப் பிரித்தெடுத்து எண்ணி ஒவ்வொரு குழியிலும் இரண்டரை லட்சம் போடுகிறார்கள். லிம்போசைட் குறைந்தவர்களுக்கு அதில் கொஞ்சம் கூடுதல் நியாயம் கிடைக்கும்.

மூன்றாவது, சர்க்கரையும் சத்துக்குறைவும். கட்டுப்பாடில்லாத சுகர் இந்த டெஸ்டை எவ்வளவு குறைக்கும் என்பதில் ஆய்வுகள் ஒரே குரலில் பேசவில்லை. ஆல்புமின் 2.6 உள்ள உடம்பில் அது தனியாக என்ன செய்தது என்று பிரித்துச் சொல்லவும் முடியாது. சேர்த்துக்கொள்கிறேன், அழுத்திச் சொல்லவில்லை.

நான்காவது, ரத்தம் பயணம் செய்த விதம். இதைப் பற்றி யாரும் கேட்பதே இல்லை. குழாய்ச் சுவரில் பூசியிருக்கும் புரதம் ரத்தத்தில் கரைய வேண்டுமானால், எடுத்தவுடன் பத்து முறை நன்றாகக் குலுக்க வேண்டும், உள்சுவர் முழுக்க ரத்தம் படும்படி. கறுப்புக் கோட்டுக்குக் குறைவாகவோ கூடவோ நிரப்பக் கூடாது. எடுத்த 16 மணி நேரத்துக்குள் இன்குபேட்டருக்குள் போக வேண்டும். அதுவரை 'அறை வெப்பநிலை', அதாவது 17 முதல் 27 டிகிரி. இந்தக் குழாய்களை ஃபிரிட்ஜில் வைத்தாலும் கெட்டது. சென்னையில் ஏப்ரல், மே மாதத்தில் 27 டிகிரி உள்ள அறை என்றால் அது ஏசி போட்ட அறை மட்டும்தான். இவர் ரத்தம் கொடுத்தது ஒரு சனிக்கிழமை சாயங்காலம், வீட்டுப் பக்கத்துக் கலெக்‌ஷன் சென்டரில். அங்கிருந்து பைக்கில், பெட்டியில், வேறொரு ஏரியாவில் உள்ள மெயின் லேபுக்கு. எத்தனை மணிக்கு இன்குபேட்டரில் வைத்தார்கள் என்ற குறிப்பு படிவத்தில் இல்லை. சூடும் தாமதமும் டி செல்களைச் சோர்வாக்கும்.

இவருக்குப் பொருந்தாத காரணங்களும் உண்டு. புதிதாகத் தொற்றியவர்களுக்கு இந்த நினைவு உருவாகவே சில வாரங்கள் ஆகும், எட்டு வாரம் வரைகூட. ஹெச்ஐவி, டயாலிசிஸ், கைக்குழந்தை, முதுமை, மூட்டுவாத நோய்க்குப் போடும் டிஎன்எஃப் என்ற அழற்சிப் பொருளை முடக்கும் ஊசிகள், தட்டம்மைத் தடுப்பூசி போட்ட அடுத்த சில வாரங்கள் என்று பட்டியல் நீளும். உடம்பெல்லாம் பரவிய முற்றிய டிபியிலும் நெகட்டிவ் வரும்: நோய் அதிகம், பதில் குறைவு.

நூறு பேர் கணக்கு

இவ்வளவு காரணம் தெரியாவிட்டாலும் இந்த நெகட்டிவை நம்பியிருக்கக் கூடாது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. டிபி நோயாக வெளிப்பட்டவர்களிடம் இந்த டெஸ்ட் பிடிப்பது ஏறத்தாழ 80 சதவீதம். இவரைப் போல ஜுரம், எடை இழப்பு, கட்டி, நெஞ்சு நீர் எல்லாம் சேர்ந்த 100 பேரை எடுத்துக்கொள்வோம். அதில் 70 பேருக்கு டிபி என்று வைப்போம். 14 பேருக்குப் பொய்யாக நெகட்டிவ் வரும். டிபி நோய் இல்லாத மீதி 30 பேரிலும் எல்லோருக்கும் நெகட்டிவ் வராது. சேத்துப்பட்டில் இருக்கிற தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் ஒருங்கிணைத்த 2019-21 தேசிய ஆய்வில், 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் சுமார் 31 சதவீதம் பேருக்கு உறங்கும் தொற்று, அதாவது கிருமி உடம்பில் இருந்தும் நோயாகாத நிலை, இருப்பது தெரிந்தது. ஆக அந்த 30ல் பத்துப் பேர் பாசிட்டிவ், இருபது பேர் நெகட்டிவ். மொத்த நெகட்டிவ் 34. அதில் 14 பேர் டிபி நோயாளிகள். நெகட்டிவ் ரிப்போர்ட்டைக் கையில் வைத்திருக்கும் ஐந்து பேரில் இரண்டு பேருக்கு நோய் இருக்கிறது.

பாசிட்டிவ் வந்தாலும் இதே கதைதான், மூன்றில் ஒருவருக்கு எப்படியும் வரும். அதனால்தான் நம்மைப் போல டிபி மலிந்த நாடுகளில் நோயைக் கண்டுபிடிக்க இந்த வகைப் பரிசோதனையைப் பயன்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2011லேயே சொல்லிவிட்டது. உறங்கும் தொற்றைக் கண்டுபிடித்துத் தடுப்பு மருந்து கொடுக்க, டிஎன்எஃப் ஊசி போடும் முன் பார்த்துக்கொள்ள, இதற்கெல்லாம் அது நல்ல டெஸ்ட். இங்கே ஒரு குழப்பத்தையும் தீர்த்துவிடலாம்: 2012 ஜூனில் மத்திய அரசு தடை செய்தது ரத்தத்தில் டிபி ஆன்டிபாடி பார்க்கும் ஐஜிஜி, ஐஜிஎம் வகைகளை. டிபி கோல்ட் அதில் சேராது. தடை இல்லை என்பதாலேயே எல்லா ஜுரத்துக்கும் எழுதலாம் என்றும் ஆகாது. ஆயிரக்கணக்கில் செலவழித்து வாங்கிய அந்த நெகட்டிவுக்குப் பதில், கட்டியில் ஒரு ஊசியும் அரசு மையத்தில் காசில்லாத சிபிநாட்டும் ஐந்து வாரம் முன்பே விஷயத்தை முடித்திருக்கும்.

சிகிச்சை

46 கிலோ எடைக்கு நான்கு மருந்து சேர்ந்த மாத்திரை தினமும் மூன்று, இரண்டு மாதம். பிறகு மூன்று மருந்து நான்கு மாதம். டிபி நோயாளிகளுக்கான அரசின் நிக்ஷய் தளத்தில் பதிவு செய்தோம், மாதம் 1,000 ரூபாய் ஊட்டச்சத்து உதவிக்கு வங்கிக் கணக்கு விவரம் கொடுத்தார் மகன். தமிழ்நாட்டில் 2022லிருந்து நடக்கும் காசநோய் இறப்பில்லா திட்டத்தின்படி எடை, கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன், பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று முதல் நாளே பார்த்தார்கள். படுக்கையில் சேர்க்கும் அளவுக்கு இல்லை.

உண்மையில் கவலை ஸ்டீராய்டு பக்கம்தான். செட்டு மாத்திரையை அன்றே நிறுத்தச் சொல்லத் தோன்றும். உடம்பு தானே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால், காலை எட்டு மணிக்கு 2.1தான் இருந்தது, அதைச் சுரக்கும் அட்ரீனல் சுரப்பி தூங்கிவிட்டது என்று அர்த்தம். திடீரென்று நிறுத்தினால் ரத்த அழுத்தம் சரிந்து விழுந்துவிடுவார். போதாக்குறைக்கு ரிஃபாம்பிசின், ஸ்டீராய்டைக் கல்லீரலில் வேகமாக அழித்துவிடும். அதனால் பிரெட்னிசோலோனுக்கு மாற்றி, வழக்கத்தைவிடக் கூடுதல் அளவில் ஆரம்பித்து, மாதக்கணக்கில் மெல்ல இறக்கினோம். ஒளித்து வைத்த ஸ்டீராய்டைக் கண்டுபிடிக்காமல் டிபி மருந்தை மட்டும் ஆரம்பித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நினைத்தால், டெஸ்ட் நெகட்டிவ் ஆனது சின்ன விஷயம். சுகர் மாத்திரைகள் சிலவற்றின் வேகத்தையும் ரிஃபாம்பிசின் குறைக்கும் என்பதால் இன்சுலினுக்கு மாற்றினோம். கண் பரிசோதனை முதலிலேயே, கண்ணைப் பாதிக்கக்கூடிய டிபி மருந்தான எதாம்பியூட்டாலுக்காகவும் சர்க்கரைக்காகவும்.

மூன்றாம் வாரத்தில் ஜுரம் நின்றது. ஆறாவது வாரத்தில் கட்டி முன்பைவிடப் பெரிதானது, வீடே கலங்கிவிட்டது. மறுபடி ஊசி வைத்து எடுத்த சீழில் கிருமி வளரவில்லை. சிகிச்சையில் நோய் எதிர்ப்பு விழித்துக்கொள்ளும்போது நெறிக்கட்டி இப்படி வீங்குவது உண்டு. மருந்தை மாற்றவில்லை, தானாக வற்றியது. ஆறு மாதத்தில் நெஞ்சு நீர் போய்விட்டது, எடை 53. வீட்டில் உள்ள எல்லோருக்கும் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தாயிற்று, யாருக்கும் நோய் இல்லை.

சிகிச்சை முடிந்த அன்று மகன் கேட்டார்: "போயிடுச்சான்னு ஒரு தடவை டிபி கோல்ட் எடுத்துப் பாத்துடலாமா டாக்டர்?"

வேண்டாம் என்றேன். குணமானதை அந்த டெஸ்ட் காட்டாது. டி செல்களின் நினைவு நோய் போன பிறகும் வருடக்கணக்கில் இருக்கும். இவருக்கு இப்போது ஸ்டீராய்டு குறைந்து, சர்க்கரை இறங்கி, லிம்போசைட் 24 சதவீதத்துக்கு வந்திருக்கிறது. எடுத்தால் இந்த முறை பாசிட்டிவ் வர நல்ல வாய்ப்பு. அதைப் பார்க்கிற யாராவது மருந்து வேலை செய்யவில்லை என்று நினைத்து மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கலாம். அதனால் கோப்பின் முதல் பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன்: டிபி கோல்ட் மறுபடி எடுக்க வேண்டாம், ஜுரமோ கட்டியோ வந்தால் அந்த இடத்திலிருந்து மாதிரி எடுத்து சிபிநாட்டும் வளர்ப்பும் செய்யவும், ஸ்டீராய்டு இறக்கத்தில் இருக்கிறார், நிறுத்த வேண்டாம்.